தோர்டிஸின் பூட்டு

பிற்பகல் இரண்டு பத்துக்கு ரிலே விழுந்தது.
விழுந்தது என்பது எங்கள் பேச்சுவழக்கு.
உண்மையில் அது எழுந்து நின்று
போதும் என்றது.
ஒரு கேபிள் முனைக்குள் கடலின் ஈரம்,
மண்ணைத் தேடி ஓடிய மின்சாரம்;
நான் கோப்பையைக் கீழே வைப்பதற்குள்
பிரேக்கர் திறந்துவிட்டது.
குன்றின் மேல் ஏழு காற்றாலைகள்
ஒவ்வொன்றாய்ச் சுற்றை விட்டன.

ஃபாரோவின் இந்தத் தென்கோடித் தீவில்
இருட்டைத் திட்டத் தொலைபேசி எண் ஒன்று உண்டு.
அது என் மேசையில் இருக்கிறது.
மீன் கூடத்தில் பட்டை நின்றதாம்,
தேவாலயத்தில் ஆர்கன் பாதியில் மூச்சை விட்டதாம்.
எரியாமல் போன மின்மாற்றிக்காக
ஒருவரும் அழைத்து நன்றி சொல்லவில்லை.
துறைமுகத்து டீசல் எஞ்சின்
இருமிக்கொண்டே எழுந்தது.

தோர்டிஸ் மேலே போனாள்,
வலது கன்னம் பன்ரொட்டி போல வீங்கியிருக்க.
ஐசொலேட்டரைத் திறந்தாள், சோதித்தாள், எர்த் போட்டாள்.
கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டினாள்.
அட்டையில் அவள் கையெழுத்து:
'இதற்குப் பின்னால் நான் இருக்கிறேன்.'
ஐந்தரைக்குள் புது முனை தயார்.
எர்த்தை எடுத்தாள், கருவிகளை எடுத்தாள்,
கப்பல் ஊதியதும்
பல் வைத்தியரை நினைத்து ஓடினாள்.
சாவியோடு.

இரவு எட்டு மணி.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது சரி;
விநாடிக்குப் பதின்மூன்று மீட்டர்,
அளந்து ஊற்றினாற்போல் ஒரே சீரான காற்று,
தூற்றத்தான் வழியில்லை.
கீழே டீசல் குடித்துக்கொண்டிருந்தது.
மேலாளர் யாஸ்பூர் போல்ட் வெட்டியைக் கொண்டுவந்து
என் மேசையில் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்த இரும்புக்கு அவரைவிட நீளமான வாய்.

விதி சொல்வது இது:
பூட்டியவரின் குரலைக் கேள்.
தலைநகரில் அழைப்பை எடுத்தது
மரத்துப்போன ஒரு நாக்கு.
"ம்மா...னர்" என்றது.
மார்னர் நான்தான்.
ஆனால் அது தோர்டிஸ்தானா?
"பூட்டின் அடியில் என்ன கீறியிருக்கிறாய்?"
கொழகொழவென்று ஏதோ.
"நாயின் பெயரா?"
"ஊம்."
"என்ன பெயர்?"
ஐந்து முறை சொன்னாள்.
ஐந்து வெவ்வேறு நாய்கள்.

யாஸ்பூர் சிரித்தார். எனக்கும் வந்தது.
"அவள்தான். வெட்டு" என்றார்.
அவள்தான், எனக்கும் தெரியும்.
இருந்தும் கோட்டை மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு குன்றேறினேன்.

முதல் கோபுரத்தின் கதவைத் திறந்து
"தோர்டிஸ்!" என்று கூப்பிட்டேன்.
நாற்பது மைல் கடலுக்கு அப்பால்
வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவளை
இரும்புக் குழாய்க்குள் கூப்பிட்டேன்.
ஏணியின் அடி, சுவிட்ச் அறை, கேபிள் பள்ளம்.
யாருமில்லை. குறித்துக்கொண்டேன்.
இரண்டாவது.
மூன்றாவதில் பெட்டியின் கதவு அடித்துக்கொண்டிருந்தது,
அதன் பின்னால் ஏதோ அசைந்தது,
என் வயிறு ஒரு படி இறங்கியது:
ஓர் ஆடு.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து அசைபோட்டபடி
என்னை ஆய்வாளர் போலப் பார்த்தது.
அதை வெளியே தள்ள
கால் மணி நேரம்.

ஏழாவதையும் முடித்து இறங்கியபோது
மணி பத்தே முக்கால்.
கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.
படிவத்தில் இரண்டு கையெழுத்து.
வெட்டினேன். சின்னச் சத்தம்,
கொட்டைப் பாக்கு உடைவது போல.
ஐசொலேட்டர், பிறகு பிரேக்கர்.
ரிலே ஒரு பச்சைப் புள்ளியாய்
மறுபடி காவலுக்கு உட்கார்ந்தது.
பதினொன்று இருபதுக்கு டீசல் வாயை மூடிக்கொண்டது.
அலைச் சத்தம் அங்கேயே இருந்திருக்கிறது போலும்.

காலைக் கப்பலில் வந்தாள்.
கன்னம் வடிந்திருந்தது.
நின்று, குன்றைப் பார்த்து,
சுழல்பவற்றை விரல்விட்டு எண்ணினாள்.
உதவாத சாவியை என் கையில் வைத்தாள்.

"மூன்றாவதில்,
கதவுக்குப் பின்னால் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"அந்தத் தாழ்ப்பாளை நேற்றே மாற்றியிருக்க வேண்டும்" என்றாள்,
கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு,
புதுப் பூட்டு எங்கே என்று கேட்டாள்.